ஆத்தங்குடித் தரையில் கடற்போர்: விமானத் தாக்குதலைத் தாங்கும் கப்பலை வடிவமைத்தல்

காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஆத்தங்குடி டைல் பாவிய பத்தி, அதாவது தாழ்வாரம், இருக்கும். கடற்போர் விளையாட்டுக்கு அதைவிட நல்ல களம் கிடையாது. டைலின் பக்கம் 10 அங்குலம் என்றால், ஒரு டைலை 1000 கஜமாக வைத்துக்கொள்ளலாம். 30 நாட் (மணிக்கு 30 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 1013 கஜம் கடக்கும். அதாவது நிமிடத்துக்கு ஒரு டைல். 180 நாட்டில் வரும் டார்பிடோ (நீருக்கடியில் ஓடிவந்து வெடிக்கும் ஆயுதம்) விமானம் நிமிடத்துக்கு ஆறு டைல். ஒரு சுற்றை அரை நிமிடமாக வைத்தால் கப்பல் அரை டைல் நகரும், விமானம் மூன்று டைல் நகரும். இந்த விகிதத்தை மட்டும் கெடுத்துவிடாதீர்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு குறைவு என்பது இதிலிருந்துதான் தெரியவரும். கப்பலில் எத்தனை குழல் இருக்கிறது என்பதைவிட, எந்தக் குழல் எந்தத் திசையில் எத்தனை விநாடி சுட முடிகிறது என்பதே கப்பலைக் காப்பாற்றும். கீழே வரும் விதிகள் எல்லாம் அதைக் கண்ணுக்குக் காட்டுவதற்காக அமைத்தவை.

போர்க்களமாக எடுத்துக்கொண்டது 1941 டிசம்பரிலிருந்து 1942 ஏப்ரல் வரையிலான மலாயா, இலங்கைக் கடல்கள். நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிற்கப் போன ரங்கூன், பினாங்கு, கொழும்பு வழித்தடமும் இந்தக் கடல்கள்தான். விமான எதிர்ப்பு எங்கே தோற்றது என்று படிப்படியாகப் பார்க்க மூன்று சம்பவங்கள் இங்கேயே கிடைக்கின்றன. 1941 டிசம்பர் 10 அன்று மலாயாவின் குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் தாக்கி, பிரிட்டிஷ் பெரும் போர்க்கப்பல்களான பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிபல்ஸும் மூழ்கின. 1942 ஏப்ரல் 5 அன்று இலங்கைக்குத் தெற்கே குரூசர்கள் (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்கள்) டார்செட்ஷயரும் கார்ன்வாலும் அதே விதமாகப் போயின. ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸும் அதன் துணைக்கப்பல் வாம்பயரும் போயின.

முதலில் டைலை அளந்து பாருங்கள். எட்டு அங்குல டைல் பாவிய வீடுகளும் உண்டு. 10 அங்குலத்துக்கு மாதிரியின் அளவு 1:3600, எட்டு அங்குலத்துக்கு 1:4500. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் 227 மீட்டர் நீளம், ஆகவே பத்து அங்குலத் தரையில் 6.3 செ.மீ., எட்டு அங்குலத் தரையில் 5 செ.மீ. டார்செட்ஷயர் 5.4 அல்லது 4.3, ஹெர்மிஸ் 5.1 அல்லது 4. வாம்பயர் 95 மீட்டர்தான், அதனால் 2.6 செ.மீ. போதும். தூரமும் கப்பலும் ஒரே அளவில் இருப்பதால் ஒரு கப்பல் பக்கத்துக் கப்பலுக்கு உண்மையிலேயே காவல் தருகிறதா, வெறுமனே அருகில் நிற்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும். பத்தியின் ஓரத்தில் ஓடும் பார்டர் டைல் வேறு அளவு. அதைக் கணக்கில் சேர்க்காமல் களத்தின் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பலுக்கு பர்மா தேக்குத் துண்டு நல்லது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு மரவேலை செய்து கொடுக்கும் ஆசாரிமாரிடம் ரீப்பர் கழிவு கிடைக்கும். 9 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனத்தில் அறுத்து, முன்பக்கத்தை மட்டும் கூராக்கினால் போதும். நூறு வருஷத் தேக்கு காய்ந்து இறுகியிருப்பதால் குண்டூசியை நேராக அடித்தால் ரேகையோடு பிளந்துவிடும். முதலில் ஒரு மி.மீ. துளை போட்டுவிட்டுச் செருகுங்கள். எண்ணெய் ஊறிப் பளபளக்கும் ஆத்தங்குடி டைலில் மரம் வழுக்கும். அளவுநூல் லேசாகப் பட்டாலே கப்பல் திசை மாறிவிடும். அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினால் அசையாது. தரையில் செலோடேப் ஒட்டக் கூடாது. பசை தங்கி, அதில் அழுக்கு ஏறினால் டைலின் நிறமே போய்விடும். குறி போட வேண்டிய இடத்தில் கோலமாவு ஒரு சிட்டிகை வையுங்கள்.

தூரத்தை டைல் எண்ணி அளந்தால் குறுக்குவாட்டில் தப்பும். மூலைக்கு மூலை ஒரு டைல் என்பது ஆயிரம் கஜம் இல்லை, 1414 கஜம். கொத்தனார் மட்டம் பார்க்கும் நைலான் நூலில் பத்து அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக எட்டு முடிச்சு போட்டு அதை வைத்தே அளக்க வேண்டும். எட்டிதழ்ப் பூ போட்ட டைலாக இருந்தால் இதழ் ஒவ்வொன்றும் 45 டிகிரி. திசை பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை.

விமானம் மூன்று மூன்றாகத்தான் நகரும். மூன்று விமானம் ஒரு தொகுதி. ஒரு தொகுதிக்கு ஒரு புளியங்கொட்டை. டார்பிடோ விமானத்துக்குச் சிவப்பும், செங்குத்தாகப் பாய்வதற்கு மஞ்சளும், உயரத்திலிருந்து போடுவதற்கு வெள்ளையும் பூசுங்கள். எல்லாவற்றையும் ஒரு ஓலைக் கொட்டானில் போட்டு வைத்தால் சிதறாது.

பகடையாக எடுத்துக்கொண்டது தாயக்கட்டை. இரண்டு பித்தளைக் கட்டை, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. மொத்தம் 16 விதமாக விழலாம். தாயம் (1) விழ 16-க்கு 2 வாய்ப்பு, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1, பன்னிரண்டுக்கு (இரண்டும் வெறுமை) 1. மறு உருட்டல் தரும் இந்த நான்கையும் சேர்த்தால் 16-க்கு 6. ஆட்டத்தில் ஏற்கெனவே பழகிய எண்கள் என்பதால் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே விளையாட வேண்டியதில்லை. ஒரு தொகுதியை நோக்கிச் சுடும் மொத்த பலம் 1 முதல் 3 வரை என்றால் பன்னிரண்டு விழுந்தால் மட்டும் ஒரு விமானம் விழும். 4 முதல் 7 என்றால் பன்னிரண்டும் ஆறும். 8 முதல் 12 என்றால் தாயமும் சேரும். 13 அல்லது அதற்கு மேல் போனால் ஐந்தும் சேரும். வாய்ப்பு முறையே 1/16, 2/16, 4/16, 6/16. விமானம் விழுந்தால் ஒரே ஒரு மறு உருட்டல். அதிலும் விழுந்தால் இன்னொன்று போகும்.

இனிப் பீரங்கிகள். ஒவ்வொன்றுக்கும் எடை, எட்டும் தூரம், பலம் மூன்றும் வேண்டும்.

5.25 அங்குல இரட்டைக் கோபுரம் 75 டன்னுக்கு மேல் எடை கொண்டது. ஆட்டத்தில் 5 டைல் எட்டும், பலம் 2. 4 அங்குல இரட்டைப் பீரங்கி சுமார் 15 டன். 4 டைல், பலம் 2. இவை இரண்டும் கனப் பீரங்கி. பாம்-பாம் எனப்படும் எட்டுக் குழல் வேகப் பீரங்கி சுமார் 16 டன். 2 டைல், பலம் 2. போஃபர்ஸ் எனப்படும் நான்கு குழல் வேகப் பீரங்கி சுமார் 11 டன். 3 டைல், பலம் 4. இவை இரண்டும் நடுத்தரப் பீரங்கி. ஓர்லிகான் என்ற ஒற்றைக் குழல் சிறு பீரங்கியை, ரவையும் சேர்த்து 1 டன்னாக வைத்துக்கொள்ளுங்கள். 1 டைல், பலம் 1. குறி கணிக்கும் டைரக்டர் மேடைக்கு ஆட்டத்தில் 10 டன்.

எட்டுக் குழல் பாம்-பாமுக்கு 2, நான்கு குழல் போஃபர்ஸுக்கு 4 என்பது சிலருக்கு உறுத்தும். பாம்-பாமின் குண்டு மெதுவாகப் போகும், எட்டும் தூரமும் குறைவு. குவாந்தானில் அதன் வெடிமருந்துப் பட்டை கழன்று குழல் அடைத்துக்கொண்டதும் தெரிந்ததே. அதனால் பாம்-பாம் சுட்ட ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒற்றைக் கட்டையை உருட்டுங்கள். வெறுமை விழுந்தால் அடுத்த சுற்றில் அது சுடாது.

ஓர்லிகானின் டப்பாவில் 60 ரவை. நிமிடத்துக்கு 450 என்ற வேகத்தில் அது எட்டு விநாடியில் தீர்ந்துவிடும். ஆனால் அதற்குக் கப்பலின் மின்சாரம் வேண்டாம், தளத்தில் இடம் கிடைத்த பக்கமெல்லாம் போல்ட் போட்டுப் பூட்டலாம். இதன் குறை வேறிடத்தில் இருக்கிறது. டார்பிடோ விமானம் ஒரு டைல் தூரத்திலேயே, அதாவது ஆயிரம் கஜத்திலேயே டார்பிடோவை விட்டுவிடும். ஓர்லிகானின் எல்லை அங்கேதான் தொடங்குகிறது. அது வீழ்த்தும் விமானம் பெரும்பாலும் வேலையை முடித்துவிட்டுப் போகும் விமானம். புதிதாக வடிவமைக்கிறவர்கள் எடை மலிவு என்று ஓர்லிகானாக நிரப்பிவிடுவார்கள். அட்டையில் பலம் 20 என்று இருக்கும், கப்பல் இரண்டே டார்பிடோவில் படுத்துவிடும். வரும் வழியில் ஒரு தொகுதியைச் சுட இரண்டு சுற்றுதான் கிடைக்கும்: ஆறு டைலிலிருந்து மூன்றுக்கு வரும்போது ஒன்று, மூன்றிலிருந்து ஒன்றுக்கு வரும்போது ஒன்று. இந்த இரண்டாவது சுற்றில் சுட முடிகிற நடுத்தரப் பீரங்கிக்குத்தான் எடையை ஒதுக்க வேண்டும்.

வடிவமைப்பு அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் சரியான கனம். கப்பலை மேலிருந்து பார்ப்பதுபோல 20 செ.மீ. நீளத்தில் வரைந்து, முன், பின், இடம், வலம் என நான்கு கோணமாகப் பிரியுங்கள். எந்தப் பீரங்கி எந்தக் கோணத்தில் சுடும் என்பதைக் கோடு போட்டே காட்ட வேண்டும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் வைத்த பாம்-பாம் முன்பக்கம் சுடாது. இடப்பக்கத்து 4 அங்குலப் பீரங்கி வலப்பக்கம் சுடாது. இந்த வேலையை மனக்கணக்காகச் செய்தால் ஆட்டத்தின் நடுவே தகராறுதான் மிஞ்சும்.

எடை மட்டும் பார்த்தால் போதாது, உயரமும் பார்க்க வேண்டும். 1934 மார்ச்சில் ஜப்பானின் டோமோசுரு என்ற டார்பிடோப் படகு புயலில் கவிழ்ந்தது, சிறிய உடலின் மேல் ஆயுதத்தை ஏற்றியதால். எனவே தளத்தில் வைத்தால் டன்னை 1-ஆல் பெருக்குங்கள், மேற்கட்டுமானத்தில் 2-ஆல், அதற்கும் மேல் 3-ஆல்; கூட்டி வருவது உயரக் கணக்கு. 10,000 டன் குரூசருக்கு விமான எதிர்ப்புக்கு 120 டன், உயரக் கணக்கு 200. உயரக் கணக்கைத் தாண்டினால் 45 டிகிரி திரும்பும் ஒவ்வொரு முறையும் ஒற்றைக் கட்டை. வெறுமை விழுந்தால் கப்பல் சாய்ந்து, அந்தச் சுற்றில் நடுத்தரப் பீரங்கி எதுவும் சுடாது.

ஒரு மாதிரிக் கப்பலைப் போட்டுப் பார்ப்போம். நான்கு 4 அங்குல இரட்டை, தளத்தில்: 60 டன், கணக்கு 60. இரண்டு பாம்-பாம், மேற்கட்டுமானத்தில்: 32 டன், கணக்கு 64. இரண்டு டைரக்டர், உச்சியில்: 20 டன், கணக்கு 60. எட்டு ஓர்லிகான், மேற்கட்டுமானத்தில்: 8 டன், கணக்கு 16. மொத்தம் 120 டன், 200. எடை நிறைவாகப் பொருந்துகிறது. பக்கவாட்டில் ஒரு டைல் தூரத்தில் பலம் 4 + 2 + 4, ஆகப் பத்து. இதே கப்பலை முன்னாலிருந்து பாருங்கள். 4 அங்குலம் எட்டாது, பாம்-பாமைப் புகைபோக்கி மறைக்கும், இரண்டு ஓர்லிகான் மட்டும் சுடும். பலம் 2, வாய்ப்பு 1/16.

டார்செட்ஷயருக்கும் கார்ன்வாலுக்கும் நடந்தது இதுதான். ஐச்சி பாய்வு விமானங்கள் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு முன்பக்கத்திலிருந்து பாய்ந்தன. அந்தத் திசையில் பீரங்கி திரும்பவில்லை. பக்கவாட்டு பலத்தை மட்டும் கூட்டி மகிழ்ந்து போகிற வடிவமைப்பு ஒவ்வொன்றையும் எதிராளி முன்பக்கத்திலிருந்துதான் அடிப்பார்.

திருத்தம் இப்படிச் செய்யலாம். வேவு விமானமும் அதை வீசி எறியும் கேட்டபுல்ட்டும், இந்த 120 டன்னுக்கு வெளியே, மேற்கட்டுமானத்தில் 30 டன், கணக்கு 60 எடுத்துக்கொள்கின்றன. அதைக் கழற்றுங்கள். அந்த இடத்துக்கு இரண்டு நான்கு குழல் போஃபர்ஸ், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று: 22 டன், கணக்கு 44. மிச்சத்தில் தளமட்டத்தில் எட்டு ஓர்லிகான், நான்கு முன்முனையில், நான்கு பின்முனையில்: 8 டன், கணக்கு 8. எட்டுக் கணக்கு கையில் மீதியும் இருக்கிறது. இப்போது முன்பக்கம் ஒரு டைலில் பலம் 4 + 4 + 2, ஆகப் பத்து. வாய்ப்பு 1/16-லிருந்து 4/16. பக்கவாட்டில் இரண்டு டைல் தூரத்தில் முன்பு 6 இருந்தது; இரண்டு போஃபர்ஸும் இருபக்கமும் திரும்பும் என்பதால் இப்போது 14. டார்பிடோ விழுவதற்கு முன்னாலேயே 6/16 வாய்ப்பு கிடைக்கிறது. போரின் பிற்பகுதியில் பல கடற்படைகள் கேட்டபுல்ட்டையும் டார்பிடோக் குழாயையும் கழற்றிவிட்டு போஃபர்ஸ் ஏற்றியது ஏன் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். வேவு விமானம் போனதால் எதிரிக் கப்பலைத் தேடும் கட்டத்தில் நீங்கள் ஒரு உருட்டலை இழக்கிறீர்கள். அந்த இழப்பு சின்னது இல்லை, தெரிந்தே ஏற்க வேண்டும்.

பலம் 13-ஐத் தாண்டினால் அதற்குமேல் பயனில்லை என்பதால், மிச்சத்தை இன்னொரு தொகுதிக்குப் பிரிக்கலாம். ஆனால் ஒரு சுற்றில் எத்தனை டைரக்டரோ அத்தனை இலக்குதான். அமெரிக்காவின் அட்லாண்டா வகையில் 5 அங்குலக் குழல்கள் 16, டைரக்டர்கள் இரண்டே இரண்டு. திசைக்கு ஒன்றாக நான்கு தொகுதி வந்தால் அந்தப் பதினாறும் இரண்டைத்தான் பார்க்கும். டைரக்டரை விற்றுக் குழல் வாங்குவது இந்த ஆட்டத்தில் எப்போதுமே நஷ்ட வியாபாரம்.

திருப்பத்தில் இன்னொரு இழுபறி உண்டு. ஜப்பானிய விமான டார்பிடோ சுமார் 42 நாட்டில் ஓடும். ஒரு சுற்றுக்கு 0.7 டைல். ஒரு டைலில் விட்டால் கப்பலைத் தொட ஒன்றரைச் சுற்று. அதற்குள் ஒரு முறை 45 டிகிரி திரும்பலாம். ரிபல்ஸ் இப்படித் திரும்பித் திரும்பியே 19 டார்பிடோக்களைத் தவிர்த்தது. ஆனால் திரும்பும் சுற்றில் டைரக்டரின் கணிப்பு கலைந்துவிடும், கனப் பீரங்கியின் பலம் பாதியாகும். டார்பிடோ விடுவதற்கு முன்னால் நேராகப் போய் நன்றாகச் சுடுங்கள், விட்டபின் திரும்புங்கள். விமானத்தைப் பார்த்தவுடன் திரும்பினால் இரண்டும் போய்விடும்.

தாக்கின தொகுதிக்கு ஒற்றைக் கட்டை உருட்டுங்கள்: 0 முதல் 3, விழுந்த எண்தான் பட்ட எண்ணிக்கை. பலம் 8-க்கு மேல் சுடப்பட்ட தொகுதிக்கு ஒன்று குறையும். டார்பிடோ வரும் திசைக்குக் கப்பல் திரும்பியிருந்தால் இன்னொன்று குறையும். கப்பலின் உடலுக்கு 1500 டன்னுக்கு ஒரு கட்டம். குண்டு ஒரு கட்டமும் டார்பிடோ மூன்று கட்டமும் தின்னும். டார்பிடோ பட்டால் உடனே தாயக்கட்டை இரண்டையும் உருட்டி, 1, 5, 6, 12 விழுந்தால் பின்பாதியில் மின்சாரம் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்சாரத்தால் திரும்பும் எல்லாம் நின்றுவிடும். ஓர்லிகான் மட்டும் சுடும்.

இந்த விதிகள் நிற்குமா என்று குவாந்தானை வைத்துச் சோதிக்கலாம். வந்தவை 85 விமானங்களை ஒட்டி, 28 தொகுதி. எல்லாத் தாக்குதலையும் ஒரே கப்பல்மேல் வைப்போம். மின்சாரம், ரேடார் விதி எதுவும் இல்லாமல், கனப் பீரங்கி பலம் 8, பாம்-பாம் பலம் 8 என்று ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு தடவை சுட்டால், மறு உருட்டலைச் சேர்க்காமலே 14 விமானம் விழ வேண்டும். உண்மையில் விழுந்தவை 3. அங்கே வெப்பத்திலும் ஈரத்திலும் விமான எதிர்ப்பு ரேடார்கள் செயலிழந்திருந்தன. ஆகவே கனப் பீரங்கியைப் பாதியாக்குங்கள். உயரத்தில் வந்த 11 தொகுதியை அது மட்டும்தான் எட்டும்: 1.4 விமானம். முதல் டார்பிடோ அலை 6 தொகுதி: 2.25. அதில் பட்ட டார்பிடோ பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பின்பகுதியைச் சிதைத்து மின்சாரத்தை வெட்டியது. கப்பல் 11 டிகிரிக்கு மேல் சாய்ந்ததால் 5.25 அங்குலக் குழல்களைத் தாழ்த்திச் சுட முடியவில்லை. மிச்சம் 11 தொகுதிக்குப் பலம் 2 என்று வைத்தால் 0.7. கூட்டினால் 4-ஐ ஒட்டி வருகிறது. பீரங்கியின் பலத்தை எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும் கிடைக்காத பொருத்தம், மின்சார விதி ஒன்றைச் சேர்த்ததும் கிடைத்துவிடுகிறது. அதனால் வடிவமைக்கும்போதே எந்தக் கோணத்திலும் மின்சாரம் தேவைப்படாத ஒரு பீரங்கியாவது இருக்கட்டும்.

1942 களத்தில் அருகாமை வெடிதிரியைக் கேட்டு எதிராளி வாதிடுவார். விமானம் பக்கத்தில் வந்ததும் தானே வெடிக்கும் அந்தக் குண்டு போரில் முதல் வெற்றி கண்டது 1943 ஜனவரி 5 அன்று, அமெரிக்கக் குரூசர் ஹெலினாவில். அந்தத் தேதிக்குப் பிறகான களத்துக்கு அமெரிக்க 5 அங்குலத்தின் பலத்தை இரட்டிப்பாக்கலாம். அதற்கு முன் கூடாது.

ஹெர்மிஸ் களத்தை இப்படி அமையுங்கள். கப்பலுக்கு 7 கட்டம், ஒற்றை 4 அங்குலம் மூன்று, பலம் 3. வாம்பயர் ஒரு டைலுக்குள். பாய்வு விமானம் 15 தொகுதி. உள்ளபடி விளையாடினால் ஒரு விமானம் விழும், இருபது குண்டு படும், சில சுற்றில் முடிந்துவிடும். உண்மையில் ஏறத்தாழ 40 குண்டுகள் பட்டன. இப்போது எடைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டு எல்லாத் திசையிலும் பலம் 13 வருமாறு கப்பலைத் திருத்துங்கள். ஏழெட்டு விமானம் விழும், படும் குண்டு ஒன்பதாகக் குறையும். ஏழு கட்டத்துக்கு அதுவே போதும், கப்பல் மூழ்கும். அன்றைக்கு அந்த விமானந்தாங்கியில் ஒரு விமானம்கூட இல்லை. பழைய மூன்று பீரங்கியோடு, களத்தின் ஆறாவது டைலில் இரண்டு வேட்டை விமானத் தொகுதியை வைத்து, அவை எதிர்கொண்ட தொகுதியின் கணக்கில் 2 குறைத்து விளையாடுங்கள். பிறகு வேட்டை விமானத்தையும் திருத்திய கப்பலையும் சேர்த்து விளையாடுங்கள். எதிர்கொள்ளப்பட்ட தொகுதிக்குப் பீரங்கியின் 1-ம் சேர்ந்து மூன்றும் கழிந்துவிடும், ஒரு குண்டும் படாது. கப்பல் மிதக்கிறதா என்பது, 15 தொகுதியில் எத்தனையை வேட்டை விமானத்தின் பக்கம் இழுத்துவிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதற்குக் கப்பலை முன்கூட்டியே கரைப்பக்கமாக, வடமேற்கில் எட்டு டைல் தள்ளி நிறுத்தித் தொடங்கிப் பாருங்கள்.